ரஞ்சிதத்தின் முதுகுக்குப் பின்னால்

உருபம்பா ஊரைத் தாண்டியதும் எதிர்காற்று பிடித்துக்கொண்டது. மதியத்துக்கு மேல் இந்தப் பள்ளத்தாக்கில் காற்று ஆற்றை எதிர்த்து மேலே ஏறி வரும், ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு மிதியுங்கள், முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார், பின்னால் வருகிறவருக்கு அவ்வளவு கஷ்டம் தெரியாது என்று வழிகாட்டி வில்பர் சாப்பாட்டுக் கடையிலேயே சொல்லிவிட்டார். அதனால் குமுதவல்லி, ரஞ்சிதத்தின் பின்சக்கரத்துக்கு இரண்டு முழம் விட்டு ஒட்டிக்கொண்டு மிதித்தாள். பெரு நாட்டுக்கு வந்து, கடல் மட்டத்துக்கு ஒன்பதாயிரம் அடி மேலே, இரண்டு பக்கமும் மலை, மலை உச்சியில் பனி, சரிவு முழுக்க இன்கா ராஜாக்கள் காலத்தில் கட்டிய படிப்படியான வயல்சுவர்கள் என்று இருக்கிற ஓர் இடத்தில், அறுபத்தோரு வயதில் சைக்கிள் மிதித்துப் போகிறவளுக்குப் பார்க்க எவ்வளவோ இருந்தது. அவள் பார்த்ததெல்லாம் ரஞ்சிதத்தின் முதுகைத்தான். ஆரஞ்சு நிறக் காற்றுக்கோட்டு உப்பிக்கொண்டு, ஒவ்வொரு மிதிக்கும் இடமும் வலமுமாக ஆடியது. அகலமான முதுகு. அதை விட்டு அரை அடி விலகினால் காற்று கன்னத்தில் அறைந்தது, திரும்ப உள்ளே வந்தால் அடங்கியது. இந்த முதுகு இல்லாவிட்டால் ஒரு கிலோமீட்டர்கூடப் போக முடியாது, இந்த முதுகைப் பார்க்கவே பிடிக்கவில்லை, இரண்டும் ஒரே மிதியில் மனசுக்குள் வந்தன. காலையிலிருந்து எட்டு மணி நேரமாக வந்துகொண்டேதான் இருக்கின்றன. பிசாக் ஊர் விடுதியில், கோகா இலை போட்ட வெந்நீரும் ரொட்டியும் வைத்த நீள மேஜையில், கனடாக்காரி ஜோன்தான் ஆரம்பித்தாள். ஓய்வுபெற்ற நர்ஸ், யாரைப் பார்த்தாலும் கேள்வி கேட்பவள். சைக்கிள் ஓட்ட எப்போது கற்றுக்கொண்டீர்கள் என்று ரஞ்சிதத்தைக் கேட்டாள். ரஞ்சிதம் கோப்பையைக் கீழே வைத்தாள். அவள் கோப்பையைக் கீழே வைத்தால் மேஜையில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள், அப்படி ஒரு வரம் அவளுக்கு. பதின்மூன்று வயதில், என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். எங்கள் ஊரில் பெண்பிள்ளை சைக்கிளைத் தொடக்கூடாது, நான் தொட்டேன், என் அப்பா பார்த்துவிட்டார், அவர் என்னை அடிக்கவில்லை, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு காலனியில் இருக்கிற ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று மணி அடிக்கச் சொன்னார், எல்லாரும் வெளியே வந்து இந்த வெட்கம் கெட்டவளைப் பார்க்கட்டும் என்று. குமுதவல்லியின் கையில் வெண்ணெய்க் கத்தி இருந்தது. ரொட்டியின் பாதி வரைக்கும் வெண்ணெய் தடவியிருந்தாள். மீதிப் பாதியையும் தடவினாள், கத்தி நிற்கவில்லை, அதுதான் ஆச்சரியம், கை பாட்டுக்கு ஓரம் வரைக்கும் ஒழுங்காகத் தடவிக்கொண்டே போனது. கடைசி வீட்டு வாசலில் நின்று என் அப்பாவைப் பார்த்துச் சொன்னேன், என்றாள் ரஞ்சிதம், அப்பா, இந்த மணிக்கு எண்ணெய் போடணும்ப்பா, சத்தம் சரியா வரல. மேஜை முழுக்கச் சிரித்தது. மறுநாள் காலையில் திரும்ப அதே சைக்கிளை எடுத்தேன், அன்றிலிருந்து நிறுத்தவில்லை என்றதும் ஜோன் கை தட்டினாள், வில்பரும் தட்டினார். குமுதவல்லியும் சிரித்தாள். எண்ணெய் போடணும் என்ற இடத்தில் வாய்விட்டே சிரித்தாள். அதுதான் இப்போது நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. நடந்தது எனக்கு, சொன்னது அவள், சிரித்தது நான்.

நடந்தது அவளுக்குத்தான். குமுதவல்லிக்குத்தான். இதில் சந்தேகத்துக்கு என்ன இடம் இருக்கிறது, பின் எதற்காகக் காலையிலிருந்து திரும்பத் திரும்ப முதலிலிருந்து ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்? அரக்கோணம் ரயில்வே காலனி, அப்பா கூட்ஸ் வண்டி கார்டு, ரஞ்சிதத்தின் அப்பா இன்ஜின் டிரைவர். சைக்கிள், அண்ணன் ஞானவேலுடையது. அப்பா டியூட்டிக்குப் போனால் வர இரண்டு நாள் ஆகும் என்ற தைரியத்தில், அவள் வயசுக்கு வந்து நாலு மாதம் ஆகியிருந்த ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பாவாடையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, கால் விரல் நுனி மட்டும் பெடலில் எட்ட, தண்ணீர்த் தொட்டி மைதானத்தைச் சுற்றிவந்தாள். பின்னால் கேரியரில் ரஞ்சிதம். அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கேரியரில் ரஞ்சிதம் இருந்தாள், இவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, வேகமா போடி வேகமா போடி என்று காதுக்குள் கத்திக்கொண்டு. மைதானத்து மூலையில் அப்பா நின்றார். வண்டி ஏதோ ரத்தாகி அரை நாளிலேயே திரும்பியிருக்கிறார், வெள்ளை யூனிபாரம், கையில் விளக்கு, பச்சைக்கொடியும் சிவப்புக்கொடியும் சுருட்டிக் கக்கத்தில். இவள் பார்ப்பதற்கு முன்னால் ரஞ்சிதம் பார்த்துவிட்டாள், அதனால்தான் பின்னால் பாரம் திடீரென்று குறைந்தது, சைக்கிள் ஓர் ஆட்டம் ஆடியது, திரும்பினால் கேரியரில் ஆள் இல்லை, வேலிக்காத்தான் முள்செடிக்குப் பின்னால் ரிப்பன் மட்டும் ஓடியது. அப்பா கத்தவில்லை. இறங்கு, தள்ளு என்றார். ஒவ்வொரு வாசல்லயும் நின்னு மணி அடி, பாக்கட்டும் என்றார். ஆறு வரிசை, வரிசைக்குப் பதினோரு வீடு. அவர் நாலு அடி பின்னால் வந்தார், தாவணியைச் சரிசெய்துகொள்ளக்கூட விடவில்லை. பாவாடையை இறக்கிவிடக் கை போனபோது, அது அப்படியே இருக்கட்டும் என்றார். மூன்றாவது வரிசையில் நாலாவது வீடு ரஞ்சிதத்துடையது. மணி அடித்தாள். ரஞ்சிதத்தின் அம்மா ஃப்ளாரா டீச்சர் கரண்டியோடு வெளியே வந்தார், பின்னாலேயே ரஞ்சிதம் வந்தாள், முகம் கழுவி, பவுடர் போட்டு, தலை வாரி. அந்த இடத்தில் நினைவு எப்போதும் இடறிக்கொண்டு நின்றுவிடும். பவுடர். மைதானத்திலிருந்து ஓடிவந்து கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது, அதற்குள் முகம் கழுவ வேண்டும் என்று தோன்றியிருக்கிறது, துடைத்துக்கொண்டு பவுடர் டப்பாவைத் தேடித் திறந்து, கழுத்துக்கும் சேர்த்துப் போட்டுக்கொண்டு, சீப்பெடுத்து வாரி. கழுத்து மடிப்பில் வெள்ளை ஒட்டியிருந்தது. ரஞ்சிதம் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு இவளைப் பார்த்தாள், யாரோ தெருவோடு போகிறவளைப் பார்ப்பது போல. அப்பா, அடுத்த வீடு என்றார். ஐந்தாவது வரிசையில் எத்தனையாவது வீடு என்று தெரியவில்லை, அங்கேதான் அது நடந்தது. கால் வழியாகச் சூடாக இறங்கியது. பாவாடை நனைந்து தொடையில் ஒட்டியது. மண்ணில் சொட்டியது. அப்பா பார்த்தார், பார்த்தது இவளுக்குத் தெரியும், ஏனென்றால் பின்னால் செருப்புச் சத்தம் ஒரு நொடி நின்றது. பிறகு, மணி அடி என்றார்.

எதிரே லாரி ஒன்று இரைச்சலோடு கடந்து போனது, அதன் காற்று இருவரையும் ஒரு தள்ளு தள்ளியது. ரஞ்சிதம் திரும்பாமலே இடது கையை நீட்டி, ஓரமா வா என்று சைகை காட்டினாள். எப்போதும் காட்டுவாள். குழி வந்தால் காட்டுவாள், நாய் வந்தால் காட்டுவாள், மூன்று வருஷமாக இந்தக் கையைப் பார்த்துப் பார்த்துத்தான் குமுதவல்லி சாலையில் சைக்கிள் ஓட்டவே பழகினாள். இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமே. புருஷன் சிவபாதம் வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் பெங்களூரிலிருந்து வந்து, மாடிப்படிக்குக் கீழே செய்தித்தாள் விரித்துப் படுத்திருந்தவள் யார்? அவர் போன மறு வருஷம், வீட்டுக்குள்ளேயே கிடந்து அழிஞ்சு போயிடாதடி என்று சத்துவாச்சாரி பள்ளி மைதானத்துக்கு இழுத்துக்கொண்டுபோய், சீட்டுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஓடிவந்தவள் யார்? ஐம்பத்தெட்டு வயதுக்காரியை ஐம்பத்தெட்டு வயதுக்காரி பிடித்துக்கொண்டு ஓட, பந்து விளையாட வந்த பையன்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். இரண்டாவது சுற்றிலேயே கையை விட்டுவிட்டாள். உனக்குப் பேலன்ஸ் ஏற்கனவே இருக்குடி, எங்கயோ ஒளிச்சு வச்சிருக்க என்றாள். ஏற்கனவே என்றாள். அப்படியென்றால் அவளுக்குத் தெரிந்திருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் தெரிந்திருந்தது, இன்று காலை தெரியவில்லையா? அல்லது ஏற்கனவே என்பது சும்மா வாய்க்கு வந்த வார்த்தையா? குமுதவல்லி முப்பத்தாறு வருஷம் நில அளவை அலுவலகத்தில் வரைவாளராக இருந்தவள், புலப்படம் வரைந்து வரைந்து கண் போனவள். எல்லைத் தகராறு என்று வருகிறவர்களை அவளுக்குத் தெரியும். பொய் சொல்கிறவனை உடனே கண்டுபிடித்துவிடலாம், அவன் கண் படத்திலேயே இருக்கும். கஷ்டம் மற்றவனிடம்தான். பக்கத்து நிலத்தில் அரை சென்ட்டைச் சேர்த்து முப்பது வருஷம் உழுதவன், அது தன் பாட்டன் சொத்து என்று மனசார நம்புவான், சத்தியம் பண்ணும்போது கண்ணில் தண்ணீர்கூட வரும், எல்லைக்கல்லைத் தோண்டி எடுத்துக் காட்டினாலும் கல்தான் நகர்ந்துவிட்டது என்பான். ரஞ்சிதம் எந்த வகை? அவள் வீட்டில் சைக்கிளே கிடையாது. அவள் அப்பா அவளைக் கண்ணு என்பதைத் தவிர வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அந்த மனுஷனைப் போய் காலையில் ஒரு மேஜைக்கு முன்னால் மணி அடிக்க வைத்தவராக ஆக்கிவிட்டாள், செத்து இருபது வருஷம் ஆன மனுஷனை. கேட்டவர்கள் எல்லாரும் இப்போது அவரை வெறுத்துக்கொண்டு மிதிக்கிறார்கள். என் அப்பா தப்பித்துவிட்டார். என் அப்பா செய்ததுகூட இனி என் அப்பா செய்ததில்லை. இரண்டு நாளுக்கு முன்னால் குஸ்கோ நகரத்தில் வில்பர் ஒரு மாதா கோயிலைக் காட்டினார். கீழே ஆள் உயரத்துக்கு இன்காக்கள் இழைத்து அடுக்கிய கல், இடுக்கில் பிளேடு நுழையாது. அதை இடிக்க முடியாமல் அதன் மேலேயே ஸ்பெயின்காரர்கள் சுண்ணாம்புச் சுவர் எழுப்பியிருந்தார்கள். எல்லாரும் போட்டோ எடுக்கிறார்கள், ஊருக்குப் போய் என்ன சொல்வார்கள், மாதா கோயில் என்றுதானே சொல்வார்கள் என்று சிரித்தார் வில்பர். அந்தச் சிரிப்பு அன்றைக்குப் புரியவில்லை. அவருடைய மூதாதைகளைப் பற்றி அவர் சிரிக்கப் பழகியிருந்தார், பழக ஐந்நூறு வருஷம் கிடைத்திருக்கிறது. எனக்கு எட்டு மணி நேரம்தான் ஆகியிருக்கிறது. எண்ணெய் போடணும்ப்பா. அந்த வரி எங்கிருந்து வந்தது? அதைச் சொல்லியிருக்கலாம். பதின்மூன்று வயதில் அப்பாவைப் பார்த்து அதைச் சொல்ல முடிந்த ஒரு பெண் இருந்திருந்தால், அவள் வேறு மாதிரி வளர்ந்திருப்பாள், வேறு மாதிரி கல்யாணம் பண்ணியிருப்பாள், சிவபாதம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளியபோதெல்லாம் குனிந்து சோற்றை அள்ளியிருக்க மாட்டாள். திருடினதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. திருடி, அதைச் சரிசெய்து, என்னைவிட நன்றாக வாழ்ந்து காட்டிவிட்டாள். மறுநாள் காலையில் திரும்ப எடுத்தாளாம். மறுநாள் சைக்கிளை அப்பா விற்றுவிட்டார். விற்காவிட்டாலும் தொட்டிருக்க மாட்டாள். நாற்பத்தைந்து வருஷம் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டால் அடிவயிறு இறுகும், பால்காரன் மணி, தபால்காரன் மணி. ஈரப் பாவாடை மட்டும்தான் மிச்சம், அது ரஞ்சிதத்துக்குத் தெரியாது, அவள் வீடு மூன்றாவது வரிசையோடு முடிந்துவிட்டது. அது ஒன்றுதான் இனி எனக்கே எனக்கு என்று சொல்லிக்கொள்ளக்கூடியது. நல்ல சொத்து.

அதற்கு மேல் அந்த முதுகுக்குப் பின்னால் இருக்க முடியவில்லை. இடப்பக்கம் ஒதுங்கி வெளியே வந்தாள். காற்று நேராக நெஞ்சில் ஏறியது, தலைக்கவசத்தின் வார் கழுத்தை அறுத்தது, உயரமான ஊர்களில் வருகிற அந்த மண்டை இடி இரண்டு பொட்டிலும் எழுந்தது. எழுந்து நின்று மிதித்தாள். தைலமரங்கள் வரிசையாகச் சாய்ந்து ஆடின, ஏலகிரியில் பார்க்கிற அதே மரம், இங்கேயும் யாரோ கொண்டுவந்து நட்டது. ரஞ்சிதத்தின் பக்கத்தில் வந்தாள், ஒரு நொடி இருவர் கைப்பிடியும் ஒரே வரிசையில் இருந்தது, பிறகு முந்தினாள். முன்னால் இப்போது ஒன்றுமில்லை. சாலை, சாலைக்குப் பக்கத்தில் அழுக்குப் பழுப்பாக ஓடுகிற ஆறு, சோளக்கொல்லை, மேலே மலைச்சுவர். ஒன்றுமில்லாமல் இருப்பது நன்றாக இருந்தது. நூறு மிதி, நூற்றைம்பது மிதி. மூச்சு விசில் அடித்தது. பின்னாலிருந்து குரல் வந்தது, மிக அருகில், இரண்டு முழத்துக்குள்.

“அப்படிப் போடு! நல்லா போறடி நீ. அப்படியே புடிச்சுக்கோ, நான் உன் பின்னாலயே வந்துக்கறேன்.”

இப்போது இவள் காற்றை வாங்க, ரஞ்சிதம் மறைவில் வந்துகொண்டிருந்தாள். இதைக்கூட எடுத்துக்கொண்டாள். குமுதவல்லிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன, மூச்சு தப்பியது, கண் முன்னால் கறுப்புப் புள்ளிகள். சாலையோரம் ஒரு நீலத் தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே அம்மாள் ஒருத்தி, உயரத் தொப்பியும் இரட்டைப் பின்னலுமாக, அண்டாவில் சோளம் அவித்துக்கொண்டிருந்தாள். அங்கே போய் பிரேக்கைப் பிடித்து ஒரு காலை ஊன்றினாள். ரஞ்சிதமும் வந்து நின்றாள். முதுகில் தட்டினாள், தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள், இரண்டு சோளம் வாங்கி வந்தாள், கூடவே ஆளுக்கு ஒரு துண்டு வெள்ளைப் பாலாடைக்கட்டி. சோளமணி ஒவ்வொன்றும் பெருவிரல் நகம் அளவு. பின்னால் வந்த வில்பர், எல்லாம் சரியா என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார், ரஞ்சிதம் பதிலுக்குத் தூக்கினாள், அவர், கூடவே வருகிற வண்டியின் டிரைவரிடம் பேச ஒதுங்கிப்போனார். இப்போது கேட்காவிட்டால் இனிமேல் எப்போதும் கேட்கப்போவதில்லை என்று குமுதவல்லிக்குத் தெரிந்தது.

“காலையில ஒண்ணு சொன்னியே,” என்றாள்.

“எது?”

“சைக்கிள். மணி அடிச்சது.”

“ஓ, அதுவா.” ரஞ்சிதம் ஒரு சோளமணியை நகத்தால் கெல்லி வாயில் போட்டுக்கொண்டாள். “ரொம்ப நீட்டிட்டேனோ? அந்த ஜோன் வாயப் பொளந்துக்கிட்டுக் கேட்டுட்டிருந்தா, எனக்கும் உற்சாகம் வந்திருச்சு.”

“அது எப்ப நடந்துச்சு?”

“எட்டாவது படிக்கறப்ப. ஏன்டி?”

“எந்த சைக்கிள்?”

ரஞ்சிதம் மெல்லுவதை நிறுத்தினாள். இவளை நிமிர்ந்து பார்த்தாள். வெயில்கண்ணாடிக்குள் கண் தெரியவில்லை, கண்ணாடியில் குமுதவல்லிதான் இரண்டு பேராகத் தெரிந்தாள், இரண்டு பேர் கையிலும் சோளம். ஆறு பக்கத்திலேயே இரைந்தது. பிறகு ரஞ்சிதம் கையை நீட்டி இவள் முழங்கையைத் தொட்டாள், மிகவும் மெதுவாக, ஆஸ்பத்திரியில் தொட்ட மாதிரியே.

“ஆமால்ல,” என்றாள். “உனக்கும் அப்படி ஒண்ணு நடந்துச்சுல்ல.”

உனக்கும். திரும்பச் சைக்கிளில் ஏறிப் பத்து நிமிஷம் ஆகியும் அந்த ‘உம்’ போகவில்லை. பழையபடி ரஞ்சிதம் முன்னால், இவள் பின்னால், ஏனென்றால் காற்று அப்படியேதான் இருந்தது, காற்றுக்கு இதெல்லாம் தெரியாது. உனக்கு என்று சொல்லியிருந்தால் முடிந்தது. உனக்குத்தானேடி நடந்துச்சு, என்னமோ வாயில வந்துருச்சு, மன்னிச்சுக்கோ. அல்லது உனக்கு எதுவும் நடக்கலயே என்று சாதித்திருந்தாலும் முடிந்தது, சைக்கிளைப் போட்டுவிட்டு வண்டியில் ஏறி, குஸ்கோ போய், லிமா போய், வீடு போய்ச் சேர்ந்திருக்கலாம். உனக்கும் என்கிறாள். பாதி கொடுக்கிறாள். தன் நிலத்தில் எனக்கு ஓர் ஓரமாக உட்பிரிவு போட்டுக் கொடுக்கிறாள், கேட்டால் பெருந்தன்மை. தெரிந்து சொன்னாளா? அந்த நொடியில், மெல்லுவதை நிறுத்திய அந்த நொடியில், அவள் முகத்தில் பவுடர் போட்ட சிறுமி ஒருத்தி வந்துபோனாளா, இல்லை அதுவும் நான் எழுதிச் சேர்த்ததா? ஒருவேளை இப்படி இருக்கலாம். முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றவளால் அந்த நிற்பைத் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாக வாசல்படி இறங்கி வந்தாள், சைக்கிளைப் பிடித்தாள், மணியில் கையை வைத்தாள், கடைசியில் எனக்குப் பதில் அவளே நடந்து முடித்துவிட்டாள், என்னை வாசலில் நிறுத்திவிட்டு. அப்படியானால் அது பாசமா? அப்படிப்பட்ட பாசத்தை வைத்துக்கொண்டு ஒருத்தி என்ன செய்வது? தூக்கி எறியவும் முடியாது, கட்டிக்கொள்ளவும் முடியாது. ஒரு வீட்டுக் கூரையில் மண்ணால் செய்த இரண்டு காளைகள் ஜோடியாக நின்றன, குடும்பத்துக்கு நல்லது என்று இங்கே எல்லாக் கூரையிலும் வைக்கிறார்கள். கறுப்பு நாய் ஒன்று குரைத்துக்கொண்டே கூட ஓடிவந்தது. ரஞ்சிதத்தின் கை இடப்பக்கம் நீண்டது, ஓரமா வா. குமுதவல்லி ஓரமாக வந்தாள்.

ஒயந்தைதம்போ என்ற ஊருக்கு வந்து சேர்ந்தபோது மணி நாலாகிவிட்டது. உருண்டைக்கல் பாவிய தெருவில் சைக்கிள் தடதடவென்று ஆட, பல் கிட்டித்துப்போனது. தெருவின் இரண்டு பக்கமும் இன்கா சுவர், சுவரடியில் கால்வாய், அவர்கள் வெட்டிய கால்வாயில் இன்னும் தண்ணீர் ஓடியது. சைக்கிள்களை வண்டியில் ஏற்றிவிட்டு எட்டுப் பேரும் இடிந்த கோட்டையின் படிகளில் பாதி வரைக்கும் ஏறினார்கள், அதற்கு மேல் யாருக்கும் காலில் உயிர் இல்லை. உட்கார்ந்த இடத்துக்கு எதிரே, ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஒரு மலையைக் காட்டினார் வில்பர். அங்கிருந்துதான் கல்லை வெட்டினார்கள். மலையிலிருந்து இறக்கி, ஆற்றைக் கடந்து, இங்கே மேலே இழுத்தார்கள். எல்லாக் கல்லும் வந்து சேரவில்லை. வழியிலேயே விட்டுவிட்ட கற்கள் இன்னும் வயலில் கிடக்கின்றன, களைத்துப்போன கல் என்று எங்கள் ஜனங்கள் சொல்வார்கள், இழுக்க இழுக்க ஒரு கல் அழுததாம், ரத்தம் வடித்ததாம், அதற்கு மேல் வர மாட்டேன் என்றதாம் என்றார். வெயில் சாய்ந்து சுவரெல்லாம் தேன் நிறமாகியிருந்தது. ஜோன் பூட்ஸைக் கழற்றிக் கால்விரலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, குமுதவல்லியின் பக்கம் திரும்பினாள். நீங்கள்தான் பேசவே மாட்டேன் என்கிறீர்கள், நீங்கள் எப்போது கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டாள். மூன்று வருஷத்துக்கு முன்னால், என் சிநேகிதி சொல்லிக்கொடுத்தாள் என்று சொல்லிவிட்டால் போதும். அது உண்மையும்கூட. குமுதவல்லி வாயைத் திறந்தாள். பதின்மூன்று வயதில், என்றாள்.

அவளுக்கு ஆங்கிலம் அலுவலகக் கடிதத்து ஆங்கிலம், கதை சொல்லுகிற ஆங்கிலம் இல்லை. இருந்தாலும் சொன்னாள். மைதானம் சொன்னாள், அப்பாவின் வெள்ளை யூனிபாரம் சொன்னாள், சுருட்டிய கொடி சொன்னாள், ஆறு வரிசை, வரிசைக்குப் பதினோரு வீடு என்றாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே தன் குரல் தனக்கே கேட்டது, ரஞ்சிதம் சொன்னதை ஒருத்தி மனப்பாடம் பண்ணி, அவ்வளவு நன்றாக வராமல், தட்டுத்தடுமாறி ஒப்பிக்கிற மாதிரி. ஐந்தாவது வரிசைக்கு வந்ததும் நின்றாள். அங்கே சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது, அதைச் சொல்லியிருந்தால் எல்லாம் அவளுடையதாகத் திரும்பியிருக்கும், எல்லாரும் ரஞ்சிதத்தைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். எல்லா முகமும் இவளையே பார்த்தது. அந்த இடத்தைத் தாண்டி ஆறாவது வரிசைக்குப் போய்விட்டாள்.

“அடக் கடவுளே,” என்றாள் ஜோன். “உங்களுக்கும் அதேவா? அது என்ன, உங்கள் ஊர் வழக்கமா?”

நெதர்லாந்துக்காரர் ஒருவர், இந்தியாவைப் பற்றி எங்கோ படித்ததை நினைவுபடுத்திக்கொண்டு, மெதுவாகத் தலையை ஆட்டினார். வில்பர் மட்டும் ஒருமுறை இவளையும் ஒருமுறை ரஞ்சிதத்தையும் பார்த்துவிட்டு, மலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். குமுதவல்லிக்குக் காது இரண்டும் கொதித்தது. இல்லை, அது அவளுக்கு நடக்கவில்லை என்று ஒரு வாக்கியம், நாலே வார்த்தை. அதைச் சொன்னால் என்ன ஆகும்? நாற்பத்தெட்டு வருஷத்து சிநேகிதியை ஒரு மலைப்படியில் வைத்துப் பொய்க்காரி ஆக்கின மூளை பிசகிய கிழவி. இரவு இருவரும் படுக்கிற அறையில் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஒன்றரை அடி இடைவெளி. பின்னால் நாலு படி மேலே ரஞ்சிதம் உட்கார்ந்திருந்தாள், இவள் முதுகைத்தான் இப்போது அவள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

“நீங்களும் மறுநாளே திரும்ப எடுத்தீர்களா?” என்று கேட்டாள் ஜோன். கண்ணில் ஆசை மின்னியது. எடுத்தேன் என்று கேட்கத்தான் அவள் இவள் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் அதற்காகத்தான் இருந்தார்கள்.

சைக்கிளை அப்பா விற்றுவிட்டார். வாங்க வந்தவன் மணியை அடித்து அடித்துப் பார்த்தான், அவள் சமையலறை மூலையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“எடுத்தேன்,” என்றாள் குமுதவல்லி.

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. இந்த மலையில், இந்த நாட்டில், இந்தப் பூமியிலேயே, தன்னைத் தவிர, அது பொய் என்று தெரிந்தவள் ஒருத்திதான் உயிரோடு இருந்தாள். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மேலே படியில் செருப்பு உரசியது. ரஞ்சிதம் இறங்கி வந்து, பக்கத்தில் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஜோனைப் பார்த்துச் சொன்னாள்.

“எடுத்தாள். நான்தான் பார்த்தேனே. காலை ஆறு மணி, மஞ்சள் பாவாடை, எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி விர்ரென்று போனாள்.”

குமுதவல்லியிடம் மஞ்சள் பாவாடை என்று ஒன்று இருந்ததே இல்லை. எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஆமாம்,” என்றாள். “மஞ்சள்தான்.”